போனில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்: முதல்முறை டிஜிட்டல் அஞ்சலி ஓவியம் வரைகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் ஒருவர் இறந்தால் மறுநாள் விடியும்போது சந்தியில் பதாகை கட்டியாகிவிடும். முட்டை வடிவச் சட்டத்துக்குள் முகம், இரண்டு பக்கமும் ரோசாப்பூ, மூலையில் எரியும் குத்துவிளக்கு, பின்னால் அந்தி வானம். அடையாள அட்டைப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகத்தை, ஆளின் சொந்த நிறத்திலிருந்து இரண்டு மூன்று படி வெளுக்க வைத்திருப்பார்கள். செத்த வீட்டு அவசரத்தில் முடிக்கிற வேலை அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நமக்குப் பிடித்த ஓர் இசைக்கலைஞருக்கு நாமே ஆறுதலாக உட்கார்ந்து வரையும்போதும் கை தன்பாட்டில் அந்தப் பதாகைக்கே போய்விடுகிறது. அதே வெளுப்பு, அதே பூ, அதே வழவழப்பு. வரைந்து முடித்தபின் பார்த்தால் அது யாருடைய முகமாகவும் இருக்கலாம்.

ஆளை உள்ளபடி பார்த்து வரைவதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை என்பது என் கட்சி. கீழே சொல்கிற படிகள் எல்லாம் அதற்குத்தான். சாதாரண அன்ட்ரொயிட் போன் ஒன்று இருந்தால் போதும். படம் கீறிப் பழக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உதாரணத்துக்கு அமெரிக்க றொக் கிற்றார்க் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை எடுத்துக்கொள்கிறேன். பைலாவும் பறங்கியர் கல்யாண வீட்டுக் கபிரிஞ்ஞாவும் கேட்டு வளர்ந்த ஊர் இது. றொக் கேட்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் கிற்றார் பழகுகிற பொடியன்கள் என்றாவது ஒருநாள் ஹென்ட்ரிக்ஸிடம் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அதைவிட, வரையப் பழகுகிறவருக்கு அவர் நல்ல வாத்தியார். கருத்த தோல், அடர்ந்த முடி, இடக்கை. புதியவர்கள் தடுக்கி விழுகிற மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. உங்களுக்கு வேறொருவரைப் பிடித்தால் அவரை எடுங்கள், வேலை அதேதான்.

எந்த ஹென்ட்ரிக்ஸ்?

ஹென்ட்ரிக்ஸ் 1942 நவம்பர் 27 இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தார். 1966 செப்டெம்பரில் லண்டன் போனார். 1970 செப்டெம்பர் 18 இல் அதே லண்டனில் இறந்தார். வயது 27. உலகம் அறிந்த ஹென்ட்ரிக்ஸ் முழுவதும் அந்த நான்கு வருடங்களுக்குள் அடக்கம். அதற்குள்ளேயே ஆள் மாறிக்கொண்டிருக்கிறார். 1967 இல் பொன்னிறப் பின்னல் தைத்த பழைய இராணுவ மேலங்கி போட்டிருப்பார். அதே வருடம் யூனில் மொன்டரே விழா மேடையில் முழந்தாளிட்டுக் கிற்றாருக்குத் தீ வைத்தார். 1969 ஓகஸ்டில் வூட்ஸ்டொக் இசை விழாவில் குஞ்சம் தொங்கும் வெள்ளைத் தோல்சட்டை, சிவப்புத் தலைத்துணி, வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றார்.

இதில் ஒன்றைத் தெரிவு செய்யாமல் தொடங்கினால் 1967 இன் சட்டையும் 1969 இன் தலைத்துணியும் 1970 இன் முகமும் ஒன்றாகக் கலந்துவிடும். தெரிந்தவர்களுக்கு அது உடனே உறுத்தும்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது வூட்ஸ்டொக். ஞாயிறு இரவு முடியவேண்டிய விழா இழுபட்டு, அவர் மேடையேறியது ஓகஸ்ட் 18, திங்கட்கிழமை காலையில். கூட்டத்தில் பெரும்பகுதி வீட்டுக்குப் போய்விட்டது. ஆகவே அந்தப் படங்களில் இருப்பது பகல் வெளிச்சம். சிவப்பு நீல மேடை விளக்கு இல்லை. தோலின் நிறமும் நிழலின் வடிவமும் குழப்பமில்லாமல் தெரியும். மேடை விளக்குப் படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் மூக்கு எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஆர்வம் போய்விடும்.

தெரிவு செய்ததை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 'வூட்ஸ்டொக் காலை, கண் மூடியிருக்கிறார், தலை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கிறது.' பிறகு வருகிற எல்லாச் சந்தேகங்களுக்கும் இந்த வரி பதில் சொல்லும். கண் மூடிய முகம் தொடங்குகிறவருக்குச் சுலபமும்கூட.

இன்னொன்று. 27 வயதில் இறந்த றொக் கலைஞர்களை ஒரு 'கழகமாக' ஆக்கி அந்தச் சாவைக் கவர்ச்சியாகக் காட்டுகிற படங்கள் நிறைய உண்டு. தூக்க மாத்திரை, போத்தல், மண்டையோடு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலு வருடத்தில் இவ்வளவு வாசித்துத் தள்ளிய மனிதரை அவர் இறந்த ஒரு காலைக்குள் சுருக்குவது அஞ்சலி ஆகாது.

மாதிரிப் படங்கள்

ஒரு படத்தை மட்டும் வைத்து அப்படியே பிரதி எடுக்காதீர்கள். ஐந்தாறு படங்கள் சேருங்கள்: ஒரு படத்தில் தலையின் சாய்வு, இன்னொன்றில் உதடும் தாடையும், வேறொன்றில் கை, இன்னொன்றில் கிற்றார். வெளிச்சம் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

இது கலைக்கு நல்லது, சட்டத்துக்கும் நல்லது. புகைப்படம் அதை எடுத்தவருடையது. நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை, ஆக்கியவர் இறந்தபின்னும் 70 வருடம் நீடிக்கும். இது ஏட்டுச் சட்டம்தானே என்று நினைக்கிறவர்களுக்கு ஓர் அஞ்சலி ஓவியத்தின் கதை இருக்கிறது. பாடகர் பிரின்ஸை 1981 இல் லின் கோல்ட்ஸ்மித் என்ற பெண் புகைப்படக் கலைஞர் படம் எடுத்தார். 1984 இல் ஒரு சஞ்சிகைக்காக அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை மாதிரியாகப் பயன்படுத்த 400 டொலருக்கு அனுமதி கொடுத்தார். அதைப் பார்த்து வரைந்தவர் பெயர்பெற்ற அமெரிக்க ஓவியர் அன்டி வார்ஹோல். வார்ஹோல் அந்த ஒன்றோடு நிற்கவில்லை, மொத்தம் 16 ஆக்கங்கள் செய்தார். 2016 இல் பிரின்ஸ் இறந்தபோது, அந்த வரிசையில் செம்மஞ்சள் நிறத்தில் இருந்த ஒன்று நினைவு இதழின் அட்டையில் வந்தது. வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டொலர் கிடைத்தது, கோல்ட்ஸ்மித்துக்கு ஒன்றும் இல்லை, பெயர்கூட இல்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 மே மாதம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்பானது.

வார்ஹோலுக்கே அந்த நிலை. பழகுவதற்கு எந்தப் படத்தையும் பார்த்து வரையலாம், வீட்டுச் சுவரில் மாட்டலாம். ஒரே படத்தை அடியொற்றி வரைந்ததை வெளியிடும்போது புகைப்படக் கலைஞரின் பெயர் தெரிந்தால் கீழே போடுங்கள். அது மரியாதைக்கு, பெயர் போட்டதாலேயே அனுமதி கிடைத்ததாக ஆகாது. டீசேர்ட் அடித்து விற்கும் எண்ணம் இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஹென்ட்ரிக்ஸின் பெயரையும் உருவத்தையும் வைத்து வணிகம் செய்வதற்கு அவருடைய தகப்பனார் 1995 இல் தொடங்கிய குடும்ப நிறுவனம் இருக்கிறது.

படம் தேடும்போது கவனிக்கவேண்டிய முக்கியமான விசயம் கை. ஹென்ட்ரிக்ஸ் இடக்கைக்காரர். வலக்கைக்காரருக்குச் செய்த கிற்றாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். அவர் நம்மை நோக்கி நிற்கும்போது கிற்றாரின் கழுத்து நமக்கு இடப்பக்கமாக நீளவேண்டும். வலப்பக்கமாக நீண்டால் யாரோ படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிவிட்டார்கள். இணையத்தில் அப்படித் திருப்பிய படங்கள் கிடக்கின்றன. சந்தேகம் வந்தால் கிற்றார்த் தலையில் உள்ள ஃபென்டர் என்ற கம்பனிப் பெயரைப் பெருப்பித்துப் பாருங்கள். சரியான படத்தில் அது தலைகீழாக இருக்கும். எழுத்து இடம்வலம் மாறியிருந்தால் படம் திருப்பப்பட்டது.

செயற்கை நுண்ணறிவு செய்துதள்ளும் 'அரிய பழைய படங்களும்' இப்போது கலந்து கிடக்கின்றன. அவற்றில் முகம் மயக்கும், கிற்றார் காட்டிக்கொடுக்கும். ஆறு முறுக்காணி இருக்கிறதா, ஆறு தந்தி கடைசிவரை ஆறாகவே போகிறதா என்று எண்ணுங்கள்.

போன், செயலி, கன்வஸ்

இதில் நேரம் செலவழிக்காதீர்கள். போனுக்கு ஐபிஸ் பெயிண்ட் எக்ஸ் இலவசம். சில பிரஷ்களைத் திறக்க விளம்பரம் பார்க்கச் சொல்லும், அவ்வளவுதான். ஸ்கெட்ச்புக்கும் நல்லது. கணினி இருந்தால் கிரீட்டா, முழுக்க இலவசம். ஐபாட் உள்ளவர்கள் புரோகிரியேட் வாங்குவார்கள், வாங்கட்டும். மாதாமாதம் காசு கட்டும் மென்பொருள் முதல் ஓவியத்துக்குத் தேவையே இல்லை.

பேனா இல்லாவிட்டால் விரல். நம் புழுக்கத்தில் வியர்த்த விரல் திரையில் ஒட்டி ஒட்டி இழுபடும், கோடு நடுங்கும். போன் சாமான் விற்கிற கடைகளில் கேம் விளையாடுகிற பொடியன்கள் வாங்கும் விரலுறை கிடைக்கும், அதைப் போட்டுக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். செயலியில் கோட்டை நேராக்கும் ஸ்டெபிலைசரை நடுத்தர அளவில் வையுங்கள்.

வரையத் தொடங்குமுன் போனின் தானியங்கி வெளிச்சத்தையும், இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் நிறுத்துங்கள். வெளித் திண்ணையில் வெயிலைப் பார்த்தபடி வரைந்தால் திரை மங்கலாகத் தெரியும், நீங்கள் அறியாமலே எல்லாவற்றையும் வெளிறப் போடுவீர்கள். அறைக்குள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில்.

கன்வஸ், அதாவது படம் வரையும் பரப்பு, ஏ4 அளவுக்கு 2480 இற்கு 3508 பிக்சல். அது 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில், அச்சடிக்கப் போதும். போன் திணறினால் பாதியாகக் குறைத்துப் பழகுங்கள். கன்வஸ் பெரிதானால் செயலி அனுமதிக்கும் லேயர் (கண்ணாடித் தாள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்கு) எண்ணிக்கை குறையும். ஐந்து லேயர் போதும்: கோடு, முகம், முடி, உடையும் கிற்றாரும், பின்னணி. ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். கடைசி நாளில் 'லேயர் 14' எதற்கென்று யாருக்கும் தெரியாது.

முகத்தின் நிழல்

ஓவியம் அமைவதும் கெடுவதும் இங்கேதான்.

கோட்டில் நெடுநேரம் நிற்காதீர்கள். மாதிரிப் படத்தின் மேல் நாலுக்கு ஐந்து கட்டம் போட்டு, கன்வஸிலும் அதே கட்டம் போட்டு, தலை எங்கே, தாடை எங்கே, தோள் எங்கே என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை அடியில் வைத்து அப்படியே வரைந்து எடுப்பது பாவமில்லை. ஆனால் அதில் கை பழகும், கண் பழகாது. அடுத்த முகத்துக்கும் அடியில் படம் வேண்டியிருக்கும்.

தலையின் உயரத்தில் நடுவில் கண் வரும், இரண்டு கண்ணுக்கும் இடையில் இன்னொரு கண் அளவு இடம் இருக்கும் என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். அது சராசரி மனிதனின் அளவு. ஒருவருடைய சாடை அந்தச் சராசரியிலிருந்து அவர் எங்கே விலகுகிறார் என்பதில் இருக்கிறது. ஹென்ட்ரிக்ஸில் நீண்ட தாடை, தடித்த கீழுதடு, மேலுதட்டின் மேல் மெல்லிய மீசை, பாதி மூடியதாகவே தோன்றும் கனத்த இமை. இந்த விலகல்களை முதலில் பிடியுங்கள். வேண்டுமானால் ஒரு சொட்டுக் கூட்டியே போடுங்கள், பிறகு குறைக்கலாம்.

இனி நிழல். மாதிரிப் படத்தின் பிரதி ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் வையுங்கள். கன்வஸை நடுத்தரச் சாம்பல் நிறத்தால் நிரப்புங்கள். வெள்ளைக் கன்வஸில் போடுகிற எதுவும் கடும் கறுப்பாகத் தெரிந்து பயமுறுத்தும். அதனால்தான் புதியவர்களின் முகங்கள் எல்லாம் வெளிறிப்போகின்றன. இப்போது கண்ணை இடுக்கிக்கொண்டு மாதிரியைப் பாருங்கள். இமைமயிர், மீசை, தோலின் துவாரம் எல்லாம் மறைந்து இரண்டு மூன்று பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளை ஓரம் கூரான பெரிய பிரஷால் போடுங்கள். ஒளிக்கு ஒரு சாம்பல், நிழலுக்கு ஒரு சாம்பல், ஆக இருட்டான இடங்களுக்கு ஒன்று. மூன்றே மூன்று. கண்ணிமை வரையவேண்டும் என்று விரல் துடிக்கும். பெருப்பிக்காதீர்கள்.

கண்குழியின் நிழல் மூக்குப் பக்கத்து நிழலோடு சேர்ந்து ஒரே திட்டாக இறங்கும். மேலுதடு கீழ்நோக்கிச் சரிவதால் இருட்டாகவும், கீழுதடு மேல்நோக்கி இருப்பதால் ஒளியாகவும் இருக்கும். அதன் கீழே ஒரு சிறு நிழல் வரும். அந்தச் சிறு நிழலின் வளைவை மட்டும் சரியாகப் போட்டுப் பாருங்கள், உதட்டுக்குக் கோடே போடாமல் உதடு வந்து நிற்கும்.

திட்டுகள் சரியா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று, படத்தை வட்ஸ்அப் முகப்புப் படம் அளவுக்குச் சுருக்கி, அதே அளவில் மாதிரியையும் வைத்து, வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள். அம்மாவுக்கு ஹென்ட்ரிக்ஸைத் தெரியாது, பரவாயில்லை. 'இது ரெண்டும் ஒரே ஆளா?' என்று மட்டும் கேளுங்கள். அவர் தயங்கினால் திட்டு பிழை. மற்றது, படத்தை இடம்வலமாகத் திருப்பிப் பார்ப்பது. ஒரு பக்கம் சரிந்த கண், கோணிய தாடை எல்லாம் உடனே தெரியும். கிரீட்டாவில் எம் விசை பார்வையை மட்டும்தான் திருப்பும், படம் அப்படியே இருக்கும். போன் செயலிகளில் பார்வையைத் திருப்புவதும் படத்தையே திருப்புவதும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவதை அழுத்திவிட்டு மறந்து சேமித்தால் இடக்கை ஹென்ட்ரிக்ஸ் வலக்கைக்காரராகிவிடுவார்.

சாடை வரும்வரை இந்த மூன்று சாம்பலைத் தாண்டவேண்டாம். வந்தபின் ஒளிக்கும் நிழலுக்கும் நடுவில் இன்னும் இரண்டு படி சேருங்கள். தசை வளைந்து திரும்புகிற கன்னத்தில் ஓரத்தை மென்மையாக்கலாம். ஒரு பொருளின் நிழல் இன்னொன்றின் மேல் விழுகிற இடத்தில், மூக்கின் நிழல் உதட்டின் மேலும் தாடையின் நிழல் கழுத்தின் மேலும் விழுகிற இடங்களில், ஓரம் கூராகவே இருக்கட்டும். எயார்பிரஷை எடுத்து முகம் முழுக்க ஊதிவிடுகிறவர்களுக்குத்தான் பதாகை முகம் கிடைக்கிறது.

கருத்த தோலின் நிறம்

நம்மில் பலர் நிறப் பெட்டியைத் திறந்ததும் வெளிர் ரோசாவைத் தேடுகிறோம். நம் தோலும் அந்த நிறமில்லை, ஹென்ட்ரிக்ஸின் தோலும் அந்த நிறமில்லை. கருத்த தோல் என்றதும் மண்ணிறத்தில் கறுப்பைக் கலந்து போடுகிறவர்களும் உண்டு. அப்போது முகம் சேறு பூசியதாகிவிடும்.

காலையில் யன்னலோரம் உங்கள் புறங்கையைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் படுகிற எலும்பு முட்டில் தோலின் நிறம் குறைந்து வானத்தின் நீலச்சாம்பல் மினுங்கும். நடுப்பகுதியில் மண்ணிறம் செழிப்பாக இருக்கும். விரல்களுக்கு இடையில், நிழலில், அது கறுப்பாகாமல் சிவப்புக்குப் போகும். கருத்த தோலில் இந்த மினுக்கம் வெளிர்ந்த தோலைவிடத் துலக்கமாகத் தெரியும். அதை விட்டுவிட்டால் முகத்தில் உயிர் இருக்காது.

தொடங்குவதற்குச் சில எண்கள் தருகிறேன், பிறகு மாதிரியைப் பார்த்து நகர்த்துங்கள். நிறச் சக்கரத்தில் நடுத்தோலுக்கு நிறம் 20, செறிவு 55, வெளிச்சம் 45 அளவு. நிழலுக்கு நிறத்தை 10 இற்கு இறக்கி, செறிவை 60 இற்கு ஏற்றி, வெளிச்சத்தை 22 ஆக்குங்கள். ஒளிப்பக்கத்துக்கு நிறம் 25, செறிவு 40, வெளிச்சம் 65. நெற்றி, கன்ன எலும்பு, மூக்கு நுனி, கீழுதடு ஆகியவற்றில் மட்டும் வெளிறிய நீலச்சாம்பல் சிறு தீற்றல்கள். சிவப்புத் தலைத்துணிக்குக் கீழே நெற்றியில் ஒரு மெல்லிய சிவப்பு ஏறும். அதைச் சேர்த்தால் துணி தலையில் கட்டியதாக இருக்கும். சேர்க்காவிட்டால் ஒட்டவைத்ததாகத் தெரியும்.

சாம்பல் முகத்தின் மேல் புதிய லேயர் போட்டு, நிறம் முகத்துக்கு வெளியே போகாதபடி அதைக் கீழ் லேயரோடு கிளிப் செய்து, மல்டிப்ளை அல்லது ஓவர்லே என்ற கலப்பு முறையில் நிறம் ஏற்றலாம். சாம்பல் மேலெழுந்து தோல் மங்கித் தெரிந்தால், அதன் மேல் சாதாரண லேயர் ஒன்று போட்டு, மேலே சொன்ன நிறங்களை நேரடியாகத் தொட்டுத் தொட்டு வையுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். கண்ணின் வெள்ளை வெள்ளையில்லை, பல்லும் வெள்ளையில்லை. இரண்டும் இமையின், உதட்டின் நிழலுக்குள் இருப்பவை. தூய வெள்ளையைப் படம் முழுவதிலும் ஓரிரு புள்ளிகளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

முடியும் கிற்றாரும்

முடியை ஒவ்வொன்றாகக் கீறத் தொடங்கினால் முடிவே இல்லை. வாவிக்கரைக் கண்டல் காட்டைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் பாருங்கள். உள்ளே ஒரே இருட்டுத் திரள், ஓரத்தில் மட்டும் இலை தெரியும். முதலில் திரளைப் போடுங்கள். அது கறுப்பு வேண்டாம், நிழலில் செம்மண்ணிறமும் ஒளிப்பக்கத்தில் நீலச்சாம்பலும் சேர்ந்த கடும் நிறம். பிறகு சொரசொரப்பான பிரஷால் ஓரத்தைப் பின்னணிக்குள் கலைத்துவிட்டு, அங்கங்கே சில சுருள்களைக் கூராகக் கீறுங்கள். சில இடத்தில் ஓரம் தொலைந்தே போகட்டும்.

கிற்றாரில் கை வைக்குமுன் அது தலைகீழ் என்பதை மனதில் வையுங்கள். வழக்கமாக மேலே இருக்கும் நீண்ட கொம்பு கீழே வரும். மூன்று குமிழும் நடுக்கம் கொடுக்கும் கம்பியும் மேற்பக்கத்தில் இருக்கும். தலையில் ஆறு முறுக்காணியும் கீழ்ப்பக்கமாக வரிசைகட்டி நிற்கும். கழுத்தைப் பிடித்திருப்பது வலக்கை. அதன் நீண்ட பெருவிரல் கழுத்தின் மேல் விளிம்பைத் தாண்டி வளைந்து தடித்த தந்தியை அழுத்தும். அது அவருடைய வாசிப்பின் முத்திரை. கிற்றார் தெரிந்தவர்கள் முகத்துக்கு முன் அந்தப் பெருவிரலைத்தான் தேடுவார்கள். தந்திகளை நேர்கோட்டு அளவுகோலால் போட்டு, வெளிச்சம் படுகிற இடத்தைத் தவிர மற்ற இடத்தில் அழித்து மங்கலாக்குங்கள். வெள்ளைக் கிற்றாரும் வெள்ளைச் சட்டையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமலிருக்க, ஒன்றைச் சற்று நீலமாகவும் மற்றதைச் சற்று மஞ்சளாகவும் வையுங்கள்.

கை வரையப் பயமாக இருந்தால் தோளோடு படத்தை வெட்டிவிடலாம், தப்பில்லை. பாதி வரைந்த கையைப் புகைக்குள் மறைப்பதைவிட அது நேர்மையானது.

பின்னணியும் எழுத்தும்

குத்துவிளக்கு, மேகம், தேவதைச் சிறகு, தீச்சுவாலை நாலையும் மறந்துவிடுங்கள். வரைகிற நாம் மட்டக்களப்பார் என்பதற்காக நம்மூர்க் கல்லடிப் பாலத்தை அவருக்குப் பின்னால் போடவும் வேண்டாம். நம் வாவியின் பாடும் மீனைக் கிற்றார்த் தந்தியில் தொங்கவிடும் யோசனை நிச்சயம் ஒருவருக்கு வரும். சிரிக்கலாம், வரையவேண்டாம்.

அவர் காலத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவின் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளில் நிறங்கள் கண் முன்னே அதிரும். அந்தக் கூட்டத்தில் ஒருவரான விக்டர் மொஸ்கொசோ, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசெஃப் அல்பர்ஸிடம் நிறம் படித்தவர். அதன் சூட்சுமம் எளிது. சக்கரத்தில் எதிரெதிரான இரண்டு நிறங்களை, சிவப்பும் நீலப்பச்சையும் என்று வையுங்கள், கறுப்பு வெள்ளையாக்கினால் ஒரே சாம்பலாக வருமளவுக்கு வெளிச்சம் சமப்படுத்தி அருகருகே போட்டால் எல்லைக்கோடு துடிக்கும். பின்னணியில் அகன்ற வளையங்களாக அதைப் போட்டு, முகத்தைப் பகல் வெளிச்சத்தில் அமைதியாக விட்டால் இரண்டுக்கும் நல்ல பொருத்தம். முகத்துக்குள் அந்தத் துடிப்பைக் கொண்டுபோகாதீர்கள்.

எழுத்து போடுவதென்றால் பெயரும் 1942 – 1970 உம் போதும். தமிழில் போடும்போது சில செயலிகளில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தள்ளிப்போய் நிற்கும். அப்படியானால் பெயரைக் கையாலேயே எழுதுங்கள், அதுதான் அழகும்கூட.

அச்சுக்கு அனுப்பும்போது

லேயர்களோடு உள்ள கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, முழுப்படத்தைப் பிஎன்ஜியாக எடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுங்கித்தான் போய்ச்சேரும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது பென்ட்ரைவில் கொண்டுபோங்கள். எழுத்தைத் தனியாகக் கொடுக்காமல் படத்தோடு சேர்த்தே கொடுங்கள். நம் அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துரு ஓடுகிறது, உங்கள் யுனிகோட் எழுத்து அங்கே கட்டம் கட்டமாக வரும்.

திரையில் துடித்த நீலமும் ஊதாவும் தாளில் அடங்கிப்போகும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. அந்த இடைவெளியைக் கடைக்காரரால் தீர்க்க முடியாது, அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. முழுப்படம் அடிக்குமுன் முகத்தின் ஒரு பகுதியைச் சிறு துண்டாக அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் நிழல் திரையில் கண்டதைவிட இருண்டு வரும். அப்படி வந்தால் படம் முழுவதையும் சற்று வெளிச்சமாக்கி அனுப்புங்கள், தோலை மட்டும் பிரித்து வெளுக்க வைக்கவேண்டாம். 'முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரட்டா?' என்று கடையில் கேட்பார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பளபளக்கும் லமினேசன் இருட்டான படத்தில் யன்னல் வெளிச்சத்தையெல்லாம் பிரதிபலிக்கும், மங்கல் தாளைக் கேளுங்கள். ஓரத்தில் வெட்டுவதற்கு எல்லாப் பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட்டால் கிற்றார்த் தலை வெட்டுப்படாமல் தப்பும்.